கேட்டால் சொல்வேன்: ஏரிஸ் பெரியதா, புளூட்டோவா?

கேள்வி: ஐயா, புளூட்டோவைவிட ஏரிஸ் பெரியது என்று பேரன் அடித்துச் சொல்கிறான். நான் படித்ததோ ஒன்பது கோள். யார் சரி?
– வாசகி ஒருவர், மோல்மேன்.

பதில்: அம்மா, பேரனுக்குப் பாதி மதிப்பெண் போடுங்கள். புளூட்டோவைப் போல, சூரியனை வெகுதொலைவில் சுற்றிவரும் ஏரிஸின் குறுக்களவு சுமார் 2,326 கிலோமீட்டர். புளூட்டோ 2,377. ஆக, அளவில் புளூட்டோதான் ஒரு நூலிழை முந்துகிறது. ஆனால் நிறையில் ஏரிஸ் கால் பங்குக்கும் மேல் கூடுதல். கடைத்தெருவில் இரண்டு தேங்காயைக் கையில் தூக்கிப் பார்ப்பீர்களே, சின்னதுதான் சில நேரம் கனக்கும். அதுபோலத்தான், ஏரிஸுக்குள் பாறை அதிகம். மேலே மீத்தேன் உறைபனி, வெள்ளை வெளேரென்று.

2005இல் வானியலாளர் மைக் பிரவுன் குழுவினர் ஏரிஸைக் கண்டுபிடித்ததும்தான் வம்பு தொடங்கியது. இதைப் பத்தாவது கோள் என்பதா? 2006இல் பிராகாவில் கூடிய வானியலாளர்கள் புளூட்டோ, ஏரிஸ் இரண்டையும் கோள் வரிசையில் சேர்க்காமல் ‘குறுங்கோள்’ என்ற தனி வகை ஆக்கிவிட்டார்கள். நீங்கள் படித்த காலத்தில் ஒன்பது சரிதான், கவலைப்படாதீர்கள்.

தூரம்? காலை ஆறு மணிக்குச் சூரியனை விட்ட ஒளி ஏரிஸுக்குப் போய்ச் சேர இரவு ஏழு தாண்டிவிடும். சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 560 ஆண்டு.

கண்ணுக்குத் தெரியுமா என்று அடுத்து கேட்பான். தெரியாது. ரங்கூனில் மின்சாரம் போன இரவுகளில் மொட்டைமாடிக்கு ஏறி, என் பழைய பைனாகுலரில் வியாழனின் நிலாக்களைப் பார்ப்பேன். அதோடு சரி. அதற்குள் கரண்ட் வந்து, எதிர்வீட்டு ட்யூப்லைட் எரிந்துவிடும்.