வாடிக்கையாளரின் டொமைன் உங்கள் கல்லூரி மெயிலில் இருக்கலாமா?

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். படித்துக்கொண்டே வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒருவர் வாடிக்கையாளர்களைப் பிடித்துத் தருகிறார். அவர்களிடம் நான் நேரடியாகப் பேசக் கூடாது, பணம் அவர் வழியாகத்தான் வரும் என்பது அவருடைய நிபந்தனை. 2 சைட் முடித்தேன். ஒன்றுக்குத்தான் பணம் வந்தது. இரண்டாவது சைட்டின் டொமைனை, அதாவது அதன் இணைய முகவரியை, என் கைக்காசில், என் கல்லூரி மெயிலைக் கொடுத்து, போன மாதம் வாங்கினேன். பணம் வரும்வரை டொமைனைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா? அந்த சைட்டை என் போர்ட்ஃபோலியோவில், அதாவது நான் செய்த வேலைகளின் தொகுப்பில், போடலாமா?

பதில்: பிடித்து வைக்காதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் டொமைனை நிறுத்தினால் அடி விழுவது உங்களை ஏமாற்றியவருக்கு இல்லை, அந்த வாடிக்கையாளருக்கு. அவர் அநேகமாக முழுப் பணத்தையும் இடைத்தரகரிடம் கொடுத்திருப்பார். உங்கள் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. ஒருநாள் திடீரென்று சைட் நின்றுபோனால், முகம் தெரியாத யாரோ ஒரு மாணவர் தன் தொழிலை முடக்கிவிட்டார் என்றுதான் அவர் புகார் கொடுப்பார். அப்போது தரகர் அவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார்.

டொமைனை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். டாட் காம் போன்ற பெயர்களை ஒரு நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் எடுத்து வைக்க முடியும். அது ஒரு குத்தகை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் குத்தகைதாரர். சைட்டை யார் செய்தார், பணத்தை யார் கொடுத்தார், போர்டில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் டொமைனைப் பதிந்து தரும் பதிவு நிறுவனம் பார்க்காது. இன்றைய தேதியில் அந்த வாடிக்கையாளரின் இணைய முகவரிக்குக் குத்தகைதாரர் நீங்கள். அது உங்களுக்குக் கிடைத்த பிடி என்று நினைக்கிறீர்கள். நான் அதைச் சுமை என்று பார்க்கிறேன்.

என்னிடம் உதவி கேட்டு வந்த ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். சின்னதாக ஓர் இசை வகுப்பு நடத்துகிறார். சைட், டொமைன் எல்லாவற்றையும் ஒரு தரகர் தன் பெயரில் எடுத்துக் கொடுத்திருந்தார். ஒருநாள் சைட்டைத் திறந்தால் சம்பந்தமே இல்லாத விளம்பரங்கள் வரிசையாக வந்தன. அதற்கு முன்பிருந்தே மெயில் எதுவும் வரவில்லை. விடுமுறைக் காலம், அதனால் யாரும் எழுதவில்லை என்று நினைத்திருந்தார். டொமைன் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அத்தனையும் தரகரின் மெயிலுக்குப் போயிருந்தன. அவரோ போன் நம்பரையே மாற்றிவிட்டிருந்தார். நான் பார்த்தபோது டொமைன் மீட்புக் காலத்தில் இருந்தது. பொதுவான டொமைன்களுக்கு அது 30 நாள். அந்த நாட்களில் பதிவேட்டில் இருப்பவர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். இந்த அம்மாதான் பதிவேட்டிலேயே இல்லையே. அவர் கட்டத் தயாராக இருந்தும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. 30 நாள் முடிந்தது, அதற்குப் பிறகு நீக்கத்துக்கான 5 நாளும் முடிந்தது, பெயர் வேறு யாரோ கைக்குப் போய்விட்டது. ரசீதுப் புத்தகத்தின் ஒவ்வொரு தாளிலும் அந்த முகவரியை அச்சடித்திருந்தார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

உங்கள் கல்லூரி மெயிலைப் பற்றிப் படித்ததும் எனக்கு இந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகள் மாணவர் மெயிலை மூடிவிடுகின்றன. அதன்பின் பாஸ்வேர்டை மறந்தால், மீட்பு இணைப்பு போய்ச் சேர இடமே இருக்காது. புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும் வராது. நீங்கள் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே அந்தத் தரகர் செய்ததைச் செய்தவர் ஆகிவிடுவீர்கள். நாலு வருடம் சொல்லித்தரும் பாடத்திட்டத்தில் இந்த ஒரு விஷயத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். டொமைன் பெயரை சர்வரின் எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் என்பதன் விரிவாக்கத்தைத் தேர்வில் கேட்கிறார்கள். ஒரு டொமைனை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எப்படி ஒழுங்காக மாற்றுவது என்று கேட்பதில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பதிவு நிறுவனத்தின் தளத்தில் உள்ளே போங்கள். அங்கே உங்கள் மெயில் 2 இடத்தில் இருக்கும். ஒன்று, நீங்கள் லாகின் செய்யும் கணக்கின் மெயில். இன்னொன்று, அந்த டொமைனுக்குப் பதிவுதாரர் என்று காட்டும் தொடர்பு விவரத்தில் உள்ள மெயில். பலர் முதலாவதை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இரண்டாவது வேறு ஒரு மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். இதை ஏன் இப்படிப் புதைத்து வைக்கிறார்கள் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒழுங்கான பதில் இல்லை. லாகின் மெயிலை இன்றைக்கே உங்கள் சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள். பதிவுதாரர் மெயிலைத் தொடுவதற்கு முன் அடுத்த பத்தியைப் படித்துவிடுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இது புரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்ற பெயர்களுக்கு, டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் என்ற அமைப்பின் விதிகள் பொருந்தும். புதிதாகப் பதிந்த டொமைனை முதல் 60 நாளைக்கு வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றப் பெரும்பாலும் விட மாட்டார்கள். நீங்கள் போன மாதம்தான் வாங்கியிருக்கிறீர்கள், ஆகவே இந்தப் பூட்டு இப்போது விழுந்திருக்கும். அதோடு, பதிவுதாரரின் பெயரையோ மெயிலையோ மாற்றினாலும் இன்னொரு 60 நாள் பூட்டு விழக்கூடும். உடனே "60 நாள் எதுவும் செய்ய முடியாது" என்று யாராவது சொல்வார்கள். தரகர்களுக்கு மிகவும் பிடித்த வசனம் இது. காலம் கடத்த வசதி. ஆனால் அந்தப் பூட்டு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் போவதற்குத்தான். அதே நிறுவனத்துக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தள்ளிவிடுவது வேறு வேலை. பெரும்பாலான நிறுவனங்களில் அதைப் பூட்டு இருக்கும்போதும் செய்யலாம், பொதுவாகக் கட்டணமும் இல்லை. எனவே வாடிக்கையாளர் அதே நிறுவனத்தில் ஒரு கணக்கு திறந்தால் போதும். அவருடைய மெயிலைக் கேட்டு வாங்கி, டொமைனை அந்தக் கணக்குக்குத் தள்ளிவிடுங்கள். அப்புறம் பதிவுதாரர் விவரத்தை அவர் பெயருக்கும் அவர் மெயிலுக்கும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் அந்த மெயிலுக்கு உறுதிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் வரலாம். அதிலுள்ள இணைப்பை அழுத்தாமல் 15 நாள் விட்டுவிட்டால் டொமைனையே நிறுத்திவைப்பார்கள். மெயிலின் ஸ்பேம் பகுதியில் அது விழுந்து கிடப்பது வழக்கம், அங்கேயும் பார்க்கச் சொல்லுங்கள். பிற்பாடு அவர் வேறு நிறுவனத்துக்குப் போக விரும்பினால், பூட்டு முடிந்தபின், மாற்றத்துக்கு அனுமதி தரும் ரகசியக் குறியீட்டை வாங்கிக்கொண்டு அவரே போய்க்கொள்வார். அது உங்கள் கவலை இல்லை.

வாடிக்கையாளரிடம் பேசக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதே என்பீர்கள். முதலில் தரகருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். போனில் பேச வேண்டாம். சைட் இந்தத் தேதியில் முடிந்தது, பேசிய தொகை இவ்வளவு, டொமைனுக்கு நான் கட்டியது இவ்வளவு, ரசீது இணைத்திருக்கிறேன், 7 நாளுக்குள் அனுப்புங்கள், டொமைனை வாடிக்கையாளரின் கணக்குக்கு மாற்றப்போகிறேன். இவ்வளவுதான், ஒரு கோப வார்த்தை இருக்கக் கூடாது. அதன்பின் பதில் வந்தாலும் வராவிட்டாலும் வாடிக்கையாளருக்கு எழுதுங்கள். உங்கள் சைட்டைச் செய்தது நான், டொமைன் தற்போது என் பெயரில் இருக்கிறது, உங்கள் பெயருக்கு மாற்றித்தர விரும்புகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். தரகரைத் திட்ட வேண்டாம், பணத்தைப் பற்றி அவரே கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள். முழுப் பணம் வந்துவிடும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பேசிய தொகை, வேலை முடிந்த தேதி இரண்டும் எழுத்தில் இருந்தால் எங்கே முறையிட்டாலும் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

அடுத்த வேலையில் உங்கள் பிடி டொமைனில் இருக்கக் கூடாது, வேலையில் இருக்க வேண்டும். டொமைனும், சைட்டின் கோப்புகளை வைக்கும் ஹோஸ்டிங்கும் முதல் நாளிலிருந்தே வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய மெயிலில், அவருடைய பணத்தில் வாங்கப்பட வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொடுங்கள். சைட்டை உங்களுடைய சோதனை முகவரியில் கட்டுங்கள். ஒரு பகுதிப் பணம் வந்த பிறகு தொடங்குங்கள், மீதி வந்த பிறகு அவருடைய ஹோஸ்டிங்குக்கு ஏற்றுங்கள். தனியாள் ஒருவர் செய்துகொடுத்த வேலையின் பதிப்புரிமை, எழுதிக் கொடுக்காதவரை, பல நாடுகளில் செய்தவரிடமே இருக்கும். எனவே "முழுத் தொகை வந்த நாளில் உரிமை மாறும்" என்று ஒரு வரியை மெயிலில் எழுதி, சரி என்று அவரிடமிருந்து பதில் வாங்கிவிடுங்கள்.

தரகர்களில் நல்லவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஆனால் மாணவர்களைத் தேடி வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: வேலை கொடுக்கிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்பார்கள். ஒரு மாதிரி சைட் இலவசமாகச் செய்து காட்டு என்பார்கள், அந்த மாதிரியையே கொண்டுபோய் விற்பார்கள். சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு என்று வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிப்பார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது, காலாவதியாகும் முன்பே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி ஹோஸ்டிங்கிலேயே பொதுவாக ஏற்பாடு இருக்கும். இன்னொன்று நேரடி மோசடி. முன்பின் தெரியாத ஒருவர் பேசியதைவிட அதிகப் பணம் அனுப்பிவிட்டு, கூடுதலாக வந்ததை என் லோகோ டிசைனருக்கு அனுப்பிவிடுங்கள் என்பார். நீங்கள் அனுப்பிய சில நாளில், அவர் உங்களுக்கு அனுப்பிய பணம் செல்லாது என்று வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பியது போனதுதான். இந்தப் பேச்சு வந்த அடுத்த நிமிடமே பதில் எழுதுவதை நிறுத்துங்கள்.

போர்ட்ஃபோலியோவில் போடலாம். வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், டொமைனை மாற்றிக்கொடுத்த கையோடு கேட்டால் மறுப்பவர் அபூர்வம். வெறும் இணைப்பை மட்டும் கொடுக்காதீர்கள். அடுத்த வருடம் யாரோ அந்த சைட்டைக் கலைத்துப் போட்டிருப்பார்கள், பார்ப்பவர் அதை உங்கள் வேலை என்று நினைப்பார். இன்றைய நிலையில் போனிலும் கணினியிலும் எப்படித் தெரிகிறது என்று படம் எடுத்து வையுங்கள். அதோடு என்ன சிக்கல் இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். முகப்புப் படம் 4 எம்பி இருந்தது, 200 கேபிக்குக் குறைத்தேன் என்று எழுதுகிற மாணவரை நான் உடனே கூப்பிட்டுப் பேசுவேன்.

உங்கள் சொந்த போர்ட்ஃபோலியோவுக்கு, கோப்புகளைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் கிட்ஹப் பேஜஸ் சேவை போதும், செலவில்லை. வாடிக்கையாளரின் வியாபார சைட்டை அதில் வைக்காதீர்கள், இணையவழி வியாபாரம் நடத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. அந்த சைட்டின் கோப்புகளை கிட்ஹபில் எல்லாரும் பார்க்கும்படி ஏற்றியிருந்தால், வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பு உள்ளே இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் அதில்தான் இருக்கும். கோப்பை அழித்தால் மட்டும் போதாது, கிட்ஹப் வைத்திருக்கும் பழைய பிரதிகளில் அது அப்படியே இருக்கும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத்தான் வாடிக்கையாளருக்கு எழுத உட்கார வேண்டும்.