பெரிய லென்ஸ், சின்ன மாடி: வாசகர் கேள்வி-பதில்

தை முகூர்த்தங்கள் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் கேமரா லென்ஸ் கடிதங்கள். ஃபிரிட்ஜ், மிக்ஸி பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் முதல் மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அறை 18க்கு 10 அடி. ஆள் மட்டும் பளிச்சென்று நின்று, பின்னால் எல்லாம் கரைந்து போகிற மாதிரி படம் எடுக்க ஆசை. 200 எம்எம் எஃப் 2 ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. கடன் வாங்கியாவது வாங்கலாமா?

வாங்கினால் சுவரை இடிக்கவும் சேர்த்துக் கடன் வாங்க வேண்டியிருக்கும். எம்எம் கூடக் கூட லென்ஸ் தூரத்தை இழுத்துப் பெரிதாகக் காட்டும்; எஃப் எண் குறையக் குறைய ஒளி நுழைகிற துளை அகலும், பின்னணி கரையும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவை நிமிர்த்திப் பிடித்து ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க, 200 எம்எம்முக்குச் சுமார் 40 அடி தள்ளி நிற்க வேண்டும். 135க்கு 27 அடி, 85க்கு 17 அடி. உங்கள் 18 அடியில் திரைக்கும் ஆளுக்கும் நடுவே நாலடி, நீங்கள் நிற்க இரண்டடி போனால் மிஞ்சுவது 12 அடி. அந்த 12 அடியில் 200 எம்எம் காட்டுவது தலையும் தோளும் மட்டும். 135 இடுப்பு வரை, 85 முழங்கால் வரை. கால் செருப்பும் படத்தில் விழ வேண்டுமென்றால் 50 எம்எம்தான். கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா என்றால் இந்தத் தூரங்களை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஸ்டூடியோவில் ஃபிளாஷ் போட்டு எஃப் 8ல்தான் எடுப்பீர்கள். பின்னால் இருப்பது ஒரே நிறத் துணி. அதைக் கரைக்க எஃப் 2 எதற்கு? அந்த லென்ஸ்கள் இரண்டரை கிலோவுக்கு மேல், நிக்கானுடையது மூன்று கிலோவை நெருங்கும். விளையாட்டு மைதானத்துக்கும் திறந்தவெளிக்கும் அற்புதமான சாமான், மறுக்கவில்லை. மாடிப்படி ஏறுகிற சாமான் இல்லை. முதலில் ஒரு டேப் வாங்குங்கள். தையல்காரர் வைத்திருக்கிற டேப் போதும்.

85 எம்எம்மில் எஃப் 1.8 வாங்கவா, எஃப் 1.4 வாங்கவா? முதல் போர்ட்ரெய்ட் லென்ஸ். (வியாசர்பாடி)

1.8. மிச்சப் பணத்துக்கு ஒரு ஃபிளாஷ்.

கல்யாண வேலைக்கு 85 எஃப் 1.2, 135 எஃப் 2, இரண்டில் எது நல்ல பிளர் தரும்? மண்டபம், மேடை, கூட்டம் எல்லாம் உங்களுக்கே தெரியும். (கொருக்குப்பேட்டை)

பிளர், அதாவது பின்னணி கரைவது, மட்டும்தான் கேள்வி என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. எம்எம்மை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். அதுதான் ஒளி நுழைகிற துளையின் அகலம். 85ஐ 1.2ஆல் வகுத்தால் 71. 135ஐ 2ஆல் வகுத்தால் 67.5. முகம் படத்தில் ஒரே அளவில் இருந்து, பின்னணி நன்றாகத் தள்ளி இருந்தால், துளை எவ்வளவு அகலமோ அவ்வளவு கரையும். 50 எஃப் 1.8க்கு இது 28தான். அதனால்தான் அதில் "பிளர் வரலையே" என்று எல்லோரும் அழுகிறார்கள்.

மண்டபத்தில் எது உதவும் என்பது வேறு கணக்கு. தலையும் தோளும் எடுக்க 85க்கு நாலரை அடியில் நிற்க வேண்டும், அதாவது பொண்ணின் தாய்மாமனுக்கும் ஐயருக்கும் நடுவில். 135க்கு ஏழரை அடி போதும், மேடைக்குக் கீழே நின்றே எடுத்துவிடலாம். ஆனால் அந்த ஏழரை அடிக்குள் வீடியோக்காரர் முதுகு, சந்தனக் கிண்ணத்தோடு போகிற சித்தி, ஐஸ்கிரீம் குழந்தை எல்லாம் வரும். நான் 135ஐத்தான் சொல்வேன். மூஞ்சிக்கு நேராகக் கேமராவை நீட்டாமல் ஒதுங்கி நின்றால்தான் மனிதர்கள் மனிதர்களாக இருக்கிறார்கள்.

எதை வாங்கினாலும் துளையை முழுக்கத் திறந்து வைத்தே எடுக்காதீர்கள். நாலரை அடியில் 85 எஃப் 1.2க்கு ஷார்ப்பாக விழும் ஆழம் இரண்டு சென்டிமீட்டர். ஏழரை அடியில் 135 எஃப் 2க்கு மூன்று சொச்சம். மூக்குத்தி ஷார்ப்பாக இருக்கும், கண் மங்கலாக இருக்கும். பொண்ணு மாப்பிள்ளை சேர்ந்து நிற்கிற படத்துக்கு எஃப் 4க்குப் போங்கள். கேனானின் 1996ஆம் வருடத்து 135 எஃப் 2ல் ஆட்டம் தடுக்கிற வசதி கிடையாது. கை நடுங்கினால் படமும் நடுங்கும். ஷட்டர் வேகத்தை நொடியில் 250ல் ஒரு பங்கைவிடக் குறைக்க வேண்டாம்.

நானும் ஒரு 85 எஃப் 1.2 வைத்திருந்தேன். ஒரு கிலோ. அக்கா பேத்தி காதுகுத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். ஃபோகஸ் மோட்டார் சாவகாசமாக ஊர்ந்து வந்து சேர்வதற்குள் குத்தி முடித்து, குழந்தை அழுது முடித்து, வாயில் லட்டு வைத்தாயிற்று. லட்டு மட்டும் அருமையாக விழுந்திருந்தது. வாங்கிய விலையில் பதினெட்டாயிரம் குறைத்துத்தான் தள்ளிவிட முடிந்தது.

காசிமேட்டில் இருக்கிறேன். பழைய 135 எம்எம் ஒன்று பார்த்தேன். "லேசா ஃபங்கஸ் இருக்கு, படத்துல தெரியாது" என்கிறார் விற்கிறவர். நம்பலாமா?

படத்தில் தெரியாது என்பது பாதி உண்மை. வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்வரை தெரியாது. ஜன்னலுக்கு எதிரே ஆளை நிறுத்தி எடுத்துப் பாருங்கள், படம் முழுக்கப் பால் ஊற்றினது போல வெளுக்கும். போர்ட்ரெய்ட்காரர்களுக்கு அந்த எதிர் வெளிச்சம்தானே சோறு?

பகலில் போங்கள். மொபைல் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து குறுக்காகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. தூசி நாலு இருந்தால் விடுங்கள், ஒன்றும் செய்யாது. முன் கண்ணாடிக் கீறலைவிடப் பின் கண்ணாடிக் கீறல் ஆபத்து. துளையைச் சுருக்கி விரிக்கிற அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுங்குகிறதா, ஃபோகஸ் வளையம் ஒரே சீராகத் திரும்புகிறதா, எல்லாம் பாருங்கள். உங்கள் கேமராவில் மாட்டிச் சுவரில் ஒட்டிய செய்தித்தாளை நேராக நின்று எடுத்து, நாலு மூலையையும் பெரிதாக்குங்கள். மூன்று மூலையில் எழுத்து தெரிந்து ஒன்றில் மட்டும் அழிந்திருந்தால், லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம்.

பூஞ்சையைச் சுத்தம் செய்யலாம். ஆனால் அது கண்ணாடிப் பூச்சைத் தின்றிருந்தால் தழும்பு போகாது. உங்களுக்கு இதில் இரட்டைக் கவலை. கடற்கரை ஓரத்து ஈரக் காற்றில் நல்ல லென்ஸே ஒரு மழைக்காலத்தில் பூத்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், உள்ளே ஈரம் காட்டுகிற சின்ன மீட்டர். ஈரம் 40லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள், பூஞ்சைக்கு அது மாமியார் வீட்டு விருந்து.

நான் ஒன்றைச் சாயங்காலம் ஏழு மணிக்கு, டியூப் லைட் வெளிச்சத்தில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் மொட்டை மாடியில் பார்த்தால் உள்ளே ஒரு காடு. அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

நிக்கானின் 135 எஃப் 2 டிசி லென்ஸ் வாங்கினேன். என் கேமரா நிக்கான் 5000 வரிசை. ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யவில்லை, படமெல்லாம் மூட்டமாக வருகிறது. பில் வாங்கவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். பணத்தை எப்படி வாங்குவது? (புளியந்தோப்பு)

கடைக்காரர் எங்கே ஏமாற்றினார், தம்பி? அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவில் இருக்க வேண்டும். உங்கள் 5000 வரிசையிலும் 3000 வரிசையிலும் இல்லை, 7000 வரிசையில் உண்டு. லென்ஸ் பெயரில் "டி" இருப்பதைப் பார்த்ததும் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி இது. மாட்டிப் பார்க்கக் கேமராவைக் கையில் கொண்டு போனீர்களா? கடிதத்தில் இல்லை.

மூட்டத்துக்குக் காரணம் அநேகமாக முன்னால் இருக்கிற இரண்டாவது வளையம். பின்னணியின் மங்கலைக் கூட்டிக் குறைக்க வைத்தது. நீங்கள் வைத்திருக்கிற எஃப் எண்ணைத் தாண்டி அதைத் திருப்பினால் முகமும் சேர்ந்து மூட்டமாகிவிடும். நடுவில் வையுங்கள், மூட்டம் போய்விடும். ஃபோகஸைக் கையால் திருப்புங்கள், வியூஃபைண்டரில் பச்சைப் புள்ளி நின்றால் சரி. ஒரு மாதம் பழகிப் பாருங்கள். நல்ல லென்ஸ் அது, உங்களிடம் வந்து மாட்டிக்கொண்டது.

புது 135 எம்எம் ஒன்றுக்குக் கடையில் இரண்டு விலை சொல்கிறார்கள். பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் பதினைந்தாயிரம் குறைவு. "அதே பொருள்தான் சார்" என்கிறார்கள். (பெரம்பூர்)

இந்த "அதே பொருள்தான் சார்" கேட்டுக் கேட்டு என் காது மரத்துவிட்டது. ரிச்சி தெருவானாலும் பாரிமுனையானாலும் நம் பக்கத்தில் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டி நம் பக்கம் திருப்புவார். நாமும் பெரிய சாமர்த்தியசாலி மாதிரி சிரித்துக்கொண்டு துண்டுச் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவோம்.

அந்தப் பதினைந்தாயிரத்துக்கு எதை விற்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எம்ஆர்பி, புகார் சொல்ல எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். எடையளவுச் சட்டத்தின் 2011 விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி யார் பையில் வந்ததோ, யாருக்குத் தெரியும்? கம்பெனியின் இந்திய வாரண்டி அதற்குக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பேருந்தில் திருடு போனால் உங்களுடையது என்று காட்டக் காகிதம் இல்லை. இன்ஷூரன்ஸ்காரர் கேட்பது முதலில் பில்லைத்தான். நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவரும் அதையே கேட்பார். அப்படி நாலு பக்கமும் கழிந்தால் அந்தப் பதினைந்தாயிரம் எங்கே போச்சு?

சட்டமும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் கொடுக்காமல் விற்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. ஆனால் நீங்களே "பில் வேண்டாம்" என்று தலையாட்டிவிட்டு வந்தால் எதை வைத்துப் பேசுவது? பில் வாங்குங்கள். அதில் லென்ஸின் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா, பெட்டியிலும் லென்ஸிலும் அதே நம்பரா என்று கடையை விட்டு இறங்குவதற்கு முன் பாருங்கள். பார்க்கிறவரைப் பார்த்துக் கடைப்பையன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

ஃபில்டர் மாட்டணுமா? (ராயபுரம்)

ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டுகிற ஒளி மறைப்பு) மாட்டுங்கள். மீன்பிடித் துறைமுகத்தில் எடுக்கிற நாளில் மட்டும் ஃபில்டரும்.

இணையத்தில் பழைய லென்ஸ் விளம்பரம் பார்த்தேன். ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றலாகிப் போவதாகவும் சொன்னார், அடையாள அட்டை அனுப்பினார். முன்பணம் 5,000, பிறகு கூரியர் இன்ஷூரன்ஸ் என்று 22,000 அனுப்பினேன். இப்போது போன் எடுக்கவில்லை. என் முட்டாள்தனம்தானே? (திருவொற்றியூர்)

இல்லை. இதையே தொழிலாக வைத்து, எந்த வார்த்தைக்கு மனம் இளகும் என்று தெரிந்து வைத்திருப்பவன் செய்த வேலை இது. அந்த அட்டையும் அனேகமாக இன்னொருவரிடம் திருடியதுதான். உங்களைத் திட்ட வீட்டில் ஆள் இருப்பார்கள், நான் எதற்கு?

இதைப் படிக்கிற நிமிடமே 1930க்குப் போன் செய்யுங்கள், பணமோசடிக்கான சைபர் கிரைம் எண். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வங்கிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். உரையாடல், யுபிஐ எண், விளம்பரம் எதையும் அழிக்காதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: இரண்டு வாரம் கழித்து ஒருவர் கூப்பிட்டு "உங்க பணத்தை மீட்டுத் தர்றேன், கட்டணம் மூவாயிரம்" என்பார். அவனும் அதே கும்பலாக இருக்கலாம். பணம் திரும்பினால் எழுதுங்கள், திரும்பாவிட்டாலும் எழுதுங்கள்.

புதிதாக வாங்கிய 85 எஃப் 1.4, கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காதில் விழுகிறது. கடையில் "உங்க கேமரா கோளாறு" என்கிறார்கள். பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சு. நான் தனியாளாகப் படம் எடுத்துப் பிழைக்கிறவன், தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்கிறார்களே? (தண்டையார்பேட்டை)

முதலில் கோளாறு யாருடையது என்று நிரூபியுங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, அதே லென்ஸில் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) ஒரு படம், வியூஃபைண்டர் வழியாக ஒரு படம். பிறகு உங்களிடம் உள்ள வேறு லென்ஸில் அதே இரண்டு. அந்த லென்ஸ் சரியாக விழுந்து இது மட்டும் தவறினால் கேமராமேல் பழி போட முடியாது. மெனுவில் ஃபோகஸைத் திருத்தும் வசதி இருந்தால் அதையும் முயன்று பாருங்கள்.

அச்சடித்த வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் மேலே சொன்ன நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறுதான். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், திரும்ப எடுக்க 30 நாள் கணக்கு. உங்கள் பிழைப்புக்காக, சொந்த உழைப்பில் பயன்படுத்த வாங்கிய பொருள் என்றால் நீங்களும் நுகர்வோர்தான், சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. கடைக்கு எழுத்தில் கடிதம், அப்புறம் 1915 (தேசிய நுகர்வோர் உதவி எண்), அதற்கும் அசையாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கடிதத்தை இன்றே அனுப்புங்கள், 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

500 எம்எம் மிரர் லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. போர்ட்ரெய்ட்டுக்கு ஆகுமா? (எண்ணூர்)

நான் வாங்கினேன். பின்னால் இருக்கிற விளக்கெல்லாம் மெதுவடையாக விழுந்தது. எஃப் 8, கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இன்னும் பரண்மேல் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரே ஒரு வெளிப்புற ஷூட்டுக்காக 135 எஃப் 1.8 வாங்க வேண்டுமா? (எருக்கஞ்சேரி)

வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது கடைக்காரர் முன்னாலேயே கண்ணாடி இரண்டு பக்கமும் மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பும்போது புதுக் கீறல் பேச்சு வராது. அசல் ஆதார் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும். சிக்மாவினுடையது ஒரு கிலோவுக்கு மேல்; கழுத்துப் பட்டையில் தொங்கவிடாமல் லென்ஸுக்கு அடியில் கை கொடுத்துப் பிடியுங்கள்.