கொழும்பில் தமிழ் பேசும் மக்களுக்கு விளம்பரம்: சிங்களத்தை அப்படியே தமிழாக்கினால் போதுமா?

கேள்வி இதுதான்: "கொழும்பில் வீட்டிலிருந்தே மிளகாய்த்தூள், துனபஹ எல்லாம் பொதி செய்து விற்கிறோம். இதுவரை வாங்குவது சிங்கள வாடிக்கையாளர்கள். இனித் தமிழ், முஸ்லிம் வீடுகளுக்கும் போக வேண்டும். லேபிளையும் பேஸ்புக் விளம்பரத்தையும் அப்படியே தமிழில் மொழிபெயர்த்தால் போதுமா? அதிகம் செலவழிக்க முடியாது."

போதாது. ஏன் என்பதை உங்கள் பொதியை வைத்தே சொல்கிறேன்.

துனபஹ என்பது சிங்களச் சமையலில் போடும் சரக்குத்தூள். அந்தச் சொல்லை மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தால் "கறித்தூள்" என்று எழுதித் தருவார். அதைப் பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் என் அம்மா யாழ்ப்பாணத்துக்காரி. கறித்தூள் என்றால் அவருக்குச் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து ஒன்றாக அரைத்த தூள். உறைப்பு அதற்குள்ளேயே இருக்கும். தூள் போட்டால் போட்டதுதான், தனியாக மிளகாய்த்தூள் போடுகிற பழக்கம் இல்லை. உங்கள் துனபஹவில் மிளகாய் கிடையாது. அந்தப் பொதியை வாங்கி வந்து இரண்டு கரண்டி போட்டு அம்மா மீன்குழம்பு வைத்தால் என்ன ஆகும்? வாசம் வரும், அவருக்குப் பழகிய நிறமும் வராது உறைப்பும் வராது. "சரியில்லாத தூள்" என்று ஒதுக்கிவிட்டு, அடுத்த வீட்டு அன்ரியிடமும் அதையே சொல்வார். உங்கள் தூளில் ஒரு குறையும் இல்லை, லேபிளில் இருந்த சொல்தான் வேறொரு பொருளுக்கு உரியது.

இதற்கு நான் எழுதக்கூடியது: "மிளகாய் சேராத சரக்குத்தூள்". கீழே சின்னதாக, "உறைப்புக்கு மிளகாய்த்தூளைத் தனியாகச் சேர்க்கவும்". சிங்கள லேபிளில் இந்த இரண்டாவது வரிக்குத் தேவையே இல்லை. சிங்கள வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். தமிழ் லேபிளுக்கு அதுதான் உயிர். மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி வராது, ஏனென்றால் மூலத்திலேயே அது இல்லை.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். 14 வருடமாகக் கொழும்பு விளம்பர நிறுவனங்களில் தமிழ் வாசகம் எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் எனக்குப் பட்டது ஒன்றுதான்: தமிழ் எழுதுபவரைக் கடைசி நாள் மாலையில் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் கூட்டத்திலேயே அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். 2012 கணக்கெடுப்பின்படி நாட்டில் சிங்களவர் ஏறத்தாழ 75 வீதம், இலங்கைத் தமிழர் 11 வீதமளவு, முஸ்லிம்கள் 9 வீதமளவு, மலையகத் தமிழர் 4 வீதமளவு. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் தமிழைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுகிறார்கள். கொழும்பு மாநகர எல்லைக்குள் வந்தால் கதை வேறு. இங்கே எந்த ஓர் இனமும் பாதியைத் தாண்டாது. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வெள்ளவத்தை, தெமட்டகொட என்று நடந்தால் கடைக்குள் கேட்கும் மொழி தெருவுக்குத் தெரு மாறும்.

"தமிழ் வாடிக்கையாளர்" என்று ஒரே ஆளும் கிடையாது. வெள்ளவத்தை அடுக்குமாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஹற்றனிலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையில் நிற்கும் பெடியன், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் போகும் கத்தோலிக்க அம்மா, மருதானையில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். இவர்கள் எல்லோரும் உங்கள் லேபிளைத் தமிழில்தான் வாசிப்பார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன் இரவு பஸ் பிடித்து ஊருக்குப் போகும் அந்தப் பெடியன்தான் வீட்டுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு போகிறவன். அவனுக்குப் பெரிய நாள் தீபாவளி. அதே வாரம் மருதானையில் அது சாதாரண வாரம்.

முஸ்லிம் வீடுகளை "தமிழர்" என்று எழுதிவிடாதீர்கள். "தமிழ் பேசும் மக்கள்" என்பதுதான் சரி. அவர்களுடைய தமிழுக்கென்று தனிச் சொற்கள் உண்டு: வாப்பா, உம்மா, நானா. அக்காவை அவர்கள் தாத்தா என்பார்கள். ஒருநாள் அம்மாவோடு இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி எடுக்கப் போனேன். வாசலில் நின்ற பெடியனுக்கு இருபது வயது இருக்கும். எங்களைக் கண்டதும் "வாங்க அம்மா, உள்ள வந்து பாருங்க" என்றான். பின்னால் பர்தா போட்ட ஒருவர் வர, "தாத்தா, இந்தப் பக்கம் புதுசு வந்திருக்கு". அடுத்து ஒரு சிங்களப் பெண், உடனே சிங்களத்தில் "எண்ட அக்கே", வாங்க அக்கா என்று. தாத்தா என்ற சொல் எங்களுக்குப் பாட்டனார், அவர்களுக்கு அக்கா, சிங்களத்தில் அப்பா. அந்த வாசலில் நிற்கிறவனுக்கு இந்த மூன்றும் தெரியும். பன்மொழிச் சந்தைப்படுத்தல் பற்றி நான் இருந்த எந்தக் கூட்டத்திலும் அவன் அளவுக்குத் தெளிவாக யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆளைப் பார்க்கிறான், ஆளுக்கேற்ற உறவைச் சொல்கிறான், அதற்குப் பிறகுதான் துணி.

இப்போது கடைசி நாள் மாலை என்றேனே, அதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு பெரிய நிறுவனம். ஏப்ரல் புத்தாண்டுக்குச் சுபவேளைகள் அச்சிட்ட அட்டை ஒன்றைச் சிங்களத்தில் அழகாகச் செய்திருந்தார்கள். எந்த நேரத்தில் எந்தத் திசை பார்த்து அடுப்பு மூட்டுவது, எப்போது முதல் கவளம் உண்பது, தலைக்கு எண்ணெய் வைப்பது எப்போது என்று எல்லாம் இருந்தது. பக்கத்தில் வைர வடிவத்தில் வெட்டிய பாற்சோறு, கொக்கிஸ் பலகாரம், றபான் மேளம் அடிக்கும் பெண்கள். பின்னேரம் நாலரைக்கு என் மேசைக்கு வந்தது. ஆறு மணிக்குள் தமிழ் வேண்டுமாம்.

அந்த நாள் எங்களுக்கும் புத்தாண்டுதான், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அன்று தேடுவது வேறு. புண்ணிய காலம் எப்போது, குளிக்க முன் தலையில் மருத்துநீர் என்ற மூலிகை நீரை எப்போது வைக்க வேண்டும், என்ன நிறத்தில் உடுக்க வேண்டும், பெரியவர்களிடம் கைவிசேஷக் காசு வாங்க நல்ல நேரம் எது. அதிலும் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் வேறு நேரம் சொல்லும். வீட்டுக்கு வீடு எதைப் பார்ப்பது என்ற வழக்கம் உண்டு. வந்த அட்டையை நான் அப்படியே தமிழாக்கினால் அடுப்பு மூட்டும் நேரம் தமிழில் இருக்கும், மருத்துநீர் இருக்காது. யாருக்கு அது?

அன்று சொன்னேன், கேட்கவில்லை. மொழிபெயர்த்துக் கொடுத்தேன், அச்சாகிப் போனது. எங்கள் தெருக் கடையில் அந்த அட்டைகள் கட்டுப் பிரிக்காமல் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. அடுத்த வருடம் தை மாதமே போய் உட்கார்ந்து பேசினேன். இரண்டு பஞ்சாங்க நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மருத்துநீரும் கைவிசேஷமும் வைத்து, பாற்சோறுக்குப் பதில் பொங்கல் பானை வைத்து அட்டை செய்தோம். அதே கடைக்காரர் என்னைத் தெருவில் கண்டு நிறுத்தி, "பிள்ளை, உங்கட ஒபிஸ் அட்டை இன்னும் இருபது எடுக்கலாமா?" என்று கேட்டார். அச்சுச் செலவு இரண்டு வருடமும் ஏறத்தாழ ஒன்றுதான்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் சென்னையில் செய்த தமிழை அப்படியே கொண்டு வந்து ஓடவிடுகிறார்கள். எங்கள் சனம் தொலைக்காட்சியில் இந்தியத் தமிழைக் கேட்டுப் பழகியவர்கள், புரியாமல் இல்லை. ஆனால் சோப்பு, தள்ளுபடி, வேர்க்கடலை என்று கேட்டால் அது வேறு ஊர்க் கடை. இங்கே சவர்க்காரம், விலைக்கழிவு, கச்சான். மறுபக்கம், சுத்த யாழ்ப்பாணப் பேச்சில் எழுதினால் ஹற்றன் பெடியனும் மருதானை உம்மாவும் தள்ளி நிற்பார்கள். நான் எப்போதும் செய்வது: வாக்கியம் பொதுத் தமிழில், பொருட்பெயர்கள் இந்த நாட்டுச் சொல்லில். உங்கள் மிளகாய்த்தூளில் "செத்தல் மிளகாய்" என்று எழுதுங்கள், "காய்ந்த மிளகாய்" வேண்டாம்.

ரமழானில் விற்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். நோன்பு நேரத்தில், மதியம் இரண்டு மணிக்கு, ஆவி பறக்கும் கறியை ஒருவர் ரசித்துச் சாப்பிடும் வீடியோவை அந்த வீடுகளுக்கு அனுப்பாதீர்கள். நோன்பு திறந்த பிறகு போடுங்கள். அல்லது காலையிலேயே, கஞ்சிக்கும் பெருநாள் புரியாணிக்கும் என்ன வாங்க வேண்டும் என்று வீட்டுப் பெண்கள் யோசிக்கும் நேரத்தில் போடுங்கள். பள்ளிவாசல் படம் ஒன்றைத் தேடி ஒட்டினால் முஸ்லிம் விளம்பரம் ஆகிவிடாது. சஹன் என்ற பெரிய பொதுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பம் போதும்.

இதை விளம்பர நுணுக்கமாக மட்டும் நான் பார்க்கவில்லை. 1983 ஜூலையில் இந்த நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகு பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தைப் பெரிதாக வைக்கப் பயந்தவர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். 2013இல் ஹலால் முத்திரைக்கு எதிராகப் போராட்டம் எழுந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்று பிரசாரம் நடந்தது. குண்டு வெடித்த கொச்சிக்கடைக் கோயிலுக்கு நாங்கள் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறோம். குண்டில் செத்தவர்களில் எங்கள் சனமும் இருந்தது. அதற்குப் பிறகு வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்த கடைக்காரரும் எங்களுக்குத் தெரிந்தவர்தான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பொதியில் தன் மொழி பிழையில்லாமல், மற்ற எழுத்துக்குச் சமமான அளவில் இருந்தால் அதைக் கையில் எடுப்பவருக்கு அது என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள். பிழையோடு இருந்தாலும் அவருக்கு விளங்கும், இவர்கள் எங்களைப் பற்றி அக்கறைப்படவில்லை என்று.

பிழை எங்கே வருகிறது தெரியுமா? பெரும்பாலும் அச்சகத்தில். யூனிகோடில் அனுப்பிய தமிழை வடிவமைப்பாளர் இலஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருளில் ஒட்டுவார். இந்திய எழுத்துகளுக்கான தெரிவு அதில் முடக்கப்பட்டிருந்தால் எழுத்துகள் பிரியும். "கொ" என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், புள்ளி விலகி வட்டத்தோடு தொங்கும். தமிழ் தெரியாத கண்ணுக்கு அது நல்ல எழுத்தாகவே தெரியும். பழைய அச்சகங்களில் இன்னமும் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் வேலை நடக்கிறது. அந்தக் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். எழுத்துரு இல்லாமலே சரியாகத் தெரியும்படி எழுத்தை வளைவுகளாக (அவுட்லைனாக) மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது பிடிஎப்பாக வாங்குங்கள்.

செலவுக்கு வருகிறேன். வானொலி, தொலைக்காட்சி உங்களுக்கு இப்போது வேண்டாம். இருக்கும் காசை லேபிளில் போடுங்கள். அதற்கு முன் மூன்று வீடுகளுக்கு உங்கள் தூளை எழுத்தே இல்லாத பொதியில் இலவசமாகக் கொடுங்கள்: ஒரு யாழ்ப்பாண வீடு, ஒரு மலையக வீடு, ஒரு முஸ்லிம் வீடு. ஒரு கிழமை சமைக்கட்டும். பிறகு போய், என்ன கறிக்குப் போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள், இதை என்னவென்று சொல்வீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியைத் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, அவருக்கு உரிய கூலியைக் கொடுத்து எழுதுவியுங்கள். உறவுக்காரப் பிள்ளையிடம் "சும்மா தமிழில் போட்டுத் தா" என்று கேட்க வேண்டாம். கணினி மொழிபெயர்ப்பும் வேண்டாம், துனபஹவை அது என்னவாக்கும் என்று சொல்ல முடியாது.

பேஸ்புக்கில் ஒரே பதிவில் மூன்று மொழியையும் திணிக்காமல் தனித்தனியாகப் போடுங்கள். பின்னூட்டத்தில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். தமிழில் விளம்பரம் போட்டு, தொலைபேசியை எடுத்ததும் சிங்களம் மட்டும் பேசினால் அந்த அம்மா இரண்டாம் முறை அழைக்க மாட்டார். "கொஞ்சம் பொறுங்க, தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடுறேன்" என்று ஒரு வாக்கியத்தைப் பழகி வைத்திருந்தாலும் போதும்.

லேபிள் அச்சுக்குப் போகும் முன் கடைசிப் புரூப்பைத் தாளில் எடுங்கள், திரையில் பார்க்க வேண்டாம். அதைத் தமிழ் வாசிக்கும் ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறி நிற்கிறாரோ அந்த இடத்தில் பேனையால் வட்டம் போட்டு அச்சகத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்.