பலாட்ஸோ என்றால் அரண்மனைதானா?

ஃபிளாரன்ஸில் நீங்கள் எடுத்த அறையின் முகவரியில் 'பலாட்ஸோ' என்று இருக்கிறது, ஆனால் படத்தில் சாதாரணப் பழைய மாடிக் கட்டடம்தான் தெரிகிறது, ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஒரு சொல்லை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

இத்தாலியில் பலாட்ஸோ என்று சொல்ல ராஜா தேவையில்லை. மூலச்சொல் லத்தீனின் 'பலாட்டியும்'. அது ரோமின் பலட்டைன் குன்றின் பெயர். அகஸ்டஸும் பின்வந்த பேரரசர்களும் அங்கே வசித்ததால், குன்றின் பெயரே மாளிகைக்கு ஆகிவந்தது. ஆங்கிலத்தின் பேலஸும் அதே வேரில் வந்ததுதான்.

ஆனால் இத்தாலிய நகரங்களில் சொல் கீழே இறங்கி வந்துவிட்டது. 1444-இல் கட்டத் தொடங்கிய பலாட்ஸோ மெடிச்சி ஒரு வங்கிக் குடும்பத்தின் வீடு. ஃபிளாரன்ஸின் பலாட்ஸோ வெக்கியோ நகராட்சிக் கட்டடம், இன்றும் மேயர் அலுவலகம் அங்கேதான். வெனிஸ்காரர்கள் இன்னும் அடக்கம்: அங்கே பெரிய மாளிகைகளைக்கூட 'வீடு' என்பதன் சுருக்கமாக 'கா' என்றே அழைத்தார்கள். கா தோரோ ('பொன் வீடு') என்ற மாளிகையின் பெயர் அப்படி வந்ததுதான். (அடக்கம் பெயரில் மட்டும்தான், முகப்பில் தங்க இலை ஒட்டியிருந்தார்கள்!)

இன்றைய பேச்சில் அடுக்குமாடிக் குடியிருப்பும் பலாட்ஸோதான். அதனால் பெயரை விடுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, மாடிகளும் உயரம். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று உரிமையாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.