காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வரா?

கேள்வி: கடலைப் பார்த்த மாடியில் எவர்சில்வர் கைப்பிடி போட்டோம். காந்தத்தை வைத்து, "ஒட்டாது பாருங்கோ, நல்ல சாமான்" என்றார் பாஸ். மூன்று மாதத்தில் பழுப்புப் புள்ளிகள். (வெள்ளவத்தை)

பதில்: இந்தக் காந்த வித்தை எப்போது ஒழியுமோ! 304 என்ற எவர்சில்வர் ரகத்தில் குரோமியம் சுமார் 18 வீதம், நிக்கல் 8 வீதம். 201 என்ற மலிவு ரகத்தில் விலை கூடிய நிக்கலைப் பாதியாக்கி மங்கனீசு சேர்ப்பார்கள். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. போதாக்குறைக்கு, வளைத்த இடத்தில் அசல் 304கூட லேசாக ஒட்டும். காந்தத்தை நம்பி உடுப்புக் காயப்போடும் ஸ்டாண்ட் வாங்கி, வெள்ளைச் சட்டையில் துருக்கறை பார்த்தவன் நான். கடற்காற்றின் உப்பு, எவர்சில்வரைத் துருவிலிருந்து காக்கும் மெல்லிய மேற்படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். குழி உள்ளே இறங்கும். வெல்டிங் விளிம்பின் நீலக் கருகலைத் துடைக்காமல் விட்டால் அங்கேதான் முதல் துரு. கடல் முகத்துக்கு 304ஏ போதாது. 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் உள்ள 316 கேளுங்கள். பில்லில் வெறும் 'எஸ்.எஸ்.' (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போதாது, இலக்கமும் வேண்டும். இப்போதைக்கு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். குளியலறை அசிட்டும் இரும்பு நார்த் தேய்ப்பானும் கிட்ட வரக்கூடாது.

கேள்வி: சோடாப் போத்தலில் கொதிதண்ணீர் ஊற்றினேன், சுருங்கிவிட்டது. யாரிடம் முறையிடலாம்? (மட்டக்குளி)

பதில்: யாரிடமும் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் 70, 80 பாகையிலேயே இளகும்.

கேள்வி: மகனின் புதுச் சைக்கிளில் பெடல் அச்சு இரண்டே மாதத்தில் முறிந்து அவன் விழுந்தான். "எங்கேயோ மோதியிருப்பான்" என்கிறார் கடைக்காரர். (கொட்டாஞ்சேனை)

பதில்: முதலில் பையனின் காயத்தைப் பாருங்கள். பிறகு முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாக, கரையில் அலை விட்ட தடம்போல் வளைகோடுகளுடன், அழுக்கோ துருவோ ஏறி இருக்கிறதா? மீதி பளிச்சென்று சொரசொரப்பாக இருக்கிறதா? அப்படியானால் விரிசல் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது, ஒரே மோதலில் வந்ததல்ல. ஒரே அடியில் முறிந்திருந்தால் முகம் முழுக்கப் புதிதாக இருக்கும், அச்சும் பெரும்பாலும் வளைந்திருக்கும். விரிசல் மரையின் அடிப்பள்ளத்தில் தொடங்கியிருந்தால், பெடலைச் சரியாக இறுக்காமல் விட்டவர் யார் என்றும் கேளுங்கள். இரு துண்டையும் பொருத்திப் பார்க்காதீர்கள், தடயம் தேய்ந்துவிடும். எண்ணெய் தடவிப் பொதிந்து, படமும் எடுத்து, பில்லுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள், தொலைபேசி 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போகவேண்டும், உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

கேள்வி: பீ.வீ.சீ. சொக்கெட்டில் பித்தளைப் பைப்பை நானே பூட்டினேன். ஆறு மாதம் கழித்து நீளவாக்கில் வெடித்தது. போலியா? (தெஹிவளை)

பதில்: மரையில் எத்தனை சுற்று கசிவுத் தடுப்பு டேப் சுற்றினீர்கள் என்று எழுதவில்லையே! கூம்பு மரையை ஸ்பானரால் அளவுமீறி முறுக்கினால் சொக்கெட் உள்ளிருந்து விரியும். பிளாஸ்டிக் அந்த இழுவையை மறக்காது. மாதக்கணக்கில் மெல்ல விரிசல் விட்டு, ஒருநாள் பிளக்கும். டேப் மூன்று நான்கு சுற்று, கையால் இறுக்கம், பிறகு ஒரு முழுச் சுற்று. உள்ளே பித்தளை மரை வைத்த சொக்கெட் கொஞ்சம் விலை கூட, அதையே வாங்குங்கள்.