அந்த நாலு எழுத்தை விடுங்கள்: ஆளுமைத் தேர்வுகள் பற்றிக் கேள்வி பதில்

சேலம், கல்லூரி மாணவி: மேடம், போன வருஷம் டெஸ்ட்ல ஐ.என்.எஃப்.ஜே. வந்தது. இப்போ இ.என்.எஃப்.ஜே. நான் மாறிட்டேனா?

மாறவில்லை. மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற அந்த டெஸ்ட் ஆளுக்கு நாலு எழுத்து கொடுக்கும். முதல் எழுத்து 'ஐ' என்றால் அகமுகம் (இன்ட்ரோவெர்ட்), 'இ' என்றால் புறமுகம் (எக்ஸ்ட்ரோவெர்ட்). நீங்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். ஐந்தரை அடிக்கு மேல் நெட்டை, கீழே குட்டை என்று பிரித்தால், அரை அங்குல வித்தியாசத்தில் இரண்டு பேர் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். அகமுகமும் புறமுகமும் அப்படித்தான். பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறோம். அன்றைய மனநிலையில் ரெண்டு பதில் மாறினால் எழுத்தும் மாறும்.

திருச்சி, உளவியல் முதுகலை: 'ஐம்பெரும் பண்புகள்' என்கிறார்களே, ஏன் ஐந்து? யார் முடிவு செய்தது?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் முடிவு செய்யவில்லை. முக்கியமான குணத்துக்கு மொழி ஒரு பெயர் வைத்திருக்கும் என்ற எண்ணத்தில், 1936-இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற உளவியலாளர்கள் வெப்ஸ்டர் அகராதியிலிருந்து மனிதரை வேறுபடுத்தும் 17,953 சொற்களைப் பொறுக்கினார்கள். ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் அவற்றைச் சுருக்கி 16 காரணிகள் என்றார். பிறகு வந்தவர்கள் எந்தச் சொற்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று கணக்குப் போட்டபோது ஐந்து கொத்துகள் திரும்பத் திரும்ப வந்தன: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுகம், இணக்கம், மனக்கலக்கம்.

ஆனால் அது ஆங்கில அகராதி. நம் 'அழுத்தக்காரன்' எந்தக் கொத்து? வாய் திறக்கமாட்டான், பிடி கொடுக்கமாட்டான், உள்ளே ஒரு கணக்கு ஓடும். மூன்று கொத்தில் கால் வைத்திருக்கிறான். பொலிவியாவின் சிமானே மக்களிடம் கேட்டு 2013-இல் வெளியான ஆய்வில் அந்த ஐந்தும் தெளிவாகத் தென்படவே இல்லை.

மொழிபெயர்ப்பு இன்னொரு வம்பு. ஆங்கிலக் கேள்வித் தொகுப்பு ஒன்றில் 'பார்ட்டிக்கே உயிர் நான்தான்' என்ற பொருளில் ஒரு வரி உண்டு. அதை அப்படியே தமிழில் கேட்டபோது ஓர் அம்மா, "நான் குடிக்கிறவள்னு யார் சொன்னது?" என்று எழுந்துவிட்டார். 'கல்யாண வீட்டில் நான் இருக்கும் இடம் கலகலப்பாக இருக்கும்' என்று மாற்றினோம். மாற்றிய வரி அதே குணத்தைத்தான் அளக்கிறதா என்பதை மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

ஈரோடு, ஒரு தாய்: கைரேகையை ஸ்கேன் செய்து மகனின் ஆளுமையைச் சொல்வார்களாம். பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். ரேகை கருவிலேயே படிந்துவிடுகிறது. அதில் குணம் எழுதியிருப்பதாகக் காட்டும் அறிவியல் எதுவும் இல்லை.

சென்னை, மனிதவளப் பயிற்சியாளர்: நாலெழுத்து டெஸ்ட்டைப் பத்து வருஷமா நடத்துறேன். படிச்சதும் "அப்படியே நான்தான்" என்கிறார்கள். அது போதாதா?

போதாது. 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்குத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். 5-க்குச் சராசரி 4.26 மதிப்பெண் போட்டு மெச்சினார்கள். எல்லோர் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை. பெட்டிக்கடை ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள்.

கும்பகோணம்: அப்போ ராசிபலனும் இதுவும் ஒண்ணுங்கிறீங்களா? எனக்கு ஜாதகம் பலிச்சிருக்கு.

ஒன்று என்று சொல்லவில்லை. "அப்படியே நான்தான்" என்று தோன்றுவது இரண்டுக்குமே சாட்சியாகாது என்கிறேன். ஜாதகச் சண்டைக்கு நான் வரவில்லை.

சென்னைப் பயிற்சியாளர்: ஜோதிடத்தோடு சேர்க்காதீங்க மேடம். இது யுங் தத்துவத்தில் வந்தது.

உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் எழுதியது கோட்பாடு. அதை வினாத்தாளாக்கியவர்கள் கேதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும். ஆளெடுக்க இதைப் பயன்படுத்தக்கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. நீங்கள் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?

கோவை: ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி.க்குப் போகிறேன். சொல் தொடர்புத் தேர்வுக்கு 60 வாக்கியம் மனப்பாடம் செய்யச் சொல்கிறது கோச்சிங் சென்டர்.

ஒரு சொல்லைக் காட்டுவார்கள், அதை வைத்து வாக்கியம் எழுத 15 விநாடி. அதற்குள் மனப்பாடத்தைத் தேடுவதற்குள் அடுத்த சொல் வந்துவிடும். பக்கத்து நாற்காலிப் பையனும் அதே சென்டர் என்றால் மதிப்பிடுபவருக்கு அலுப்புதான். படம் பார்த்துக் கதை எழுதும் தேர்வில் 12 படங்களில் ஒன்று வெற்றுப் படம். அதற்காவது சொந்தக் கதை எழுதுங்கள்.

நெல்லை: நான் இன்ட்ரோவெர்ட்டா, எக்ஸ்ட்ரோவெர்ட்டா?

சேலத்துப் பெண்ணுக்கான பதில்.

தஞ்சாவூர்: நண்பர்களோடு பேசுவேன், கூட்டம் பிடிக்காது. நான் என்ன டைப்?

அதே பதில். டைப் இல்லை, அளவு.

வேலூர்: மூணு வாரமா தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. என் ஆளுமையே இப்படியா? எந்த டெஸ்ட் எழுதலாம்?

டெஸ்ட் வேண்டாம். மூன்று வாரத்தில் வந்ததை ஆளுமை என்று சொல்லமாட்டோம். மனநல மருத்துவரைப் பாருங்கள். இன்றே பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. தமிழிலும் பேசலாம்.

சென்னைப் பயிற்சியாளர்: ஆளெடுக்க இல்லை மேடம், டீம் பயிற்சிக்குத்தான். திங்கட்கிழமை 17 பேர் வர்றாங்க, பணமும் வாங்கியாச்சு. என்ன செய்ய?

நடத்துங்கள். ஆனால் தொடக்கத்தில் எல்லோருக்கும் அவரவர் பெயர் போட்டு ஒரே அறிக்கையைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பிறகு தாளைப் பக்கத்தவரோடு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். சிரிப்பு அடங்கியதும் உங்கள் நாலு எழுத்தை எடுங்கள்.