ஆதாரில் வயது குறைவாக இருந்தால் முதியோர் பென்ஷன் வாங்க முடியுமா?

முடியும். உங்கள் அத்தைக்கு 60 தாண்டிவிட்டது, ஆதாரில் 57 என்று இருக்கிறது என்கிறீர்கள். எங்கள் குடியாத்தம் பக்கம் பீடி சுற்றிப் பிழைத்த பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், நிறையப் பேருக்கு இதே சிக்கல்தான்.

என் பெரியம்மாவின் ஆதாரில் 01/01/1968. பிறந்த தேதி தெரியாது என்றால் ஏதோ ஒரு வயதைப் போட்டு, ஜனவரி ஒன்று என்று பதிந்துவிடுவார்கள். அவருடைய மூத்த மகன் டி.சி.யில் பிறந்த வருஷம் 1979. அப்படியானால் பதினோரு வயதிலா பிள்ளை பெற்றார்? இதை யாரும் யோசிக்கவில்லை. ஆதாரைப் பார்த்ததும் மனுவைத் திருப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் பழைய பெட்டியைக் கிளறியதில் பீடித் தொழிலாளர் அட்டை கிடைத்தது. ஓரமெல்லாம் மடங்கி, போட்டோ மங்கிப்போய், ஆனால் 1990-ல் வயது 30 என்று மையில் எழுதியது அப்படியே இருந்தது. பென்ஷனை நினைத்தே பார்க்காத காலத்துக் காகிதம் அது. அதனால்தான் அதற்கு மதிப்பு. நீங்களும் முதலில் அப்படிப்பட்டதைத் தேடுங்கள்: பழைய ஓட்டு கார்டு, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் டி.சி.

ஒன்றுமே இல்லையென்றாலும் வழி உண்டு. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று இல்லாதவர்களுக்கு ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் பார்க்கலாம், அதுவும் இல்லையென்றால் அரசு மருத்துவமனை டாக்டர் வயதுச் சான்று தரலாம் என்று மத்திய அரசின் திட்ட விதிமுறையிலேயே இருக்கிறது. பெரியம்மாவுக்கும் கடைசியில் டாக்டர் சான்றுதான் கைகொடுத்தது.

ஆதாரில் தேதியைத் திருத்த அவசரப்பட்டு ஓடாதீர்கள். சாதாரணமாக ஒரு தடவைதான் மாற்றவிடுவார்கள். என்ன சான்று ஏற்பார்கள் என்று மையத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். ஆதார் வயதுக்கான ஆதாரம் ஆகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மனுவில் அதை ஒரு வரி எழுதுங்கள்.

இ-சேவை மையத்தில் பதிந்த ரசீதை வாங்கி வையுங்கள். தாலுகாவில் தனி தாசில்தார் தள்ளுபடி செய்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். 2023 ஆகஸ்டில் 1000 ரூபாயை 1200 ஆக்கினார்கள். கையில் வேறு வருமானம் இல்லாதவருக்கு அது மருந்துச் செலவு, விட்டுவிடாதீர்கள்.